பேக்கரி டப்பாவில் அக்காவின் பிஸ்கட்

அந்த அட்டை டப்பாக்களை அக்கா குப்பையிலிருந்து பொறுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அப்படித்தான் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் புதுச்சேரியிலிருந்து கேக் வரும். வெட்டித் தின்று முடித்ததும் டப்பாவை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மேஜையைத் துடைப்பவள் அக்கா. நல்ல கெட்டி அட்டை, உள்ளே வழவழப்பான தாள், மேலே தங்க எழுத்தில் கடையின் பெயர். தூக்கிப்போட மனம் வராமல் துடைத்து, வெயில் காட்டி, மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் அடுக்கி வைத்திருந்தாள்.

அக்காவுக்கு வேலை செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில். பெருக்குவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் பள்ளியில் ஒரு சமையலறை உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அங்கேயே சாப்பிடும் ஆசிரியர்களுக்கும் மூன்று வேளையும் அங்கேதான் சமையல். சமைத்துக்கொண்டிருந்த அம்மா பொங்கலோடு சென்னையில் இருக்கும் மகளிடம் போவதாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தை அக்கா கேட்டிருந்தாள். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெரிய குண்டான் வைத்து ஊருக்கே சமைப்பவள் அவள். கக்கூஸ் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. தாளாளர் அம்மா "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

பாக்கலாம் என்ற சொல்லை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டுக் கிளம்பியவன் நான். பாலக்காட்டில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினேன், பிறகு மாவு பிசைந்தேன். பெங்களூரில் பிரெட் போட்டேன். ஊட்டியில் பெரிய ஹோட்டல் ஒன்றின் அடுப்பறையில் இரண்டு குளிர்காலம் நின்றேன். டிசம்பர் வந்தால் அங்கே சுகர் குக்கி என்று ஒன்று போடுவார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் சேர்ந்த மெல்லிய பிஸ்கட். நட்சத்திரம், மணி, மரம் என்று வெட்டிச் சுட்டு, மேலே சர்க்கரைப் பூச்சால் கோலம் போடுவது. ஒரு இடத்தில் நிலையாக நிற்கிற கால் எனக்கில்லை. அந்த வருடம் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. மழையோடு திண்டிவனத்தில் பஸ் மாறி வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சாப்டியா?" என்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டாள். சோறு போட்டுக்கொண்டே, "அந்தக் கிறிஸ்மஸ் பிஸ்கட்டு செய்வியே, அது நம்ம வூட்ல செய்ய முடியுமாடா?" என்று கேட்டாள்.

"ஓவன் இல்லாம எப்டி?"

"கோயில்ல குண்டான்ல மணல் போட்டு கேக் சுட்டேன் போன வருசம். நல்லாத்தான் வந்துச்சி."

"அப்ப என்னை எதுக்குக் கேக்குற?"

"அது ஊருக்கு. இது கடையில வாங்குன மாதிரி இருக்கணும்."

அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. விழா முடிந்ததும் ஆசிரியர்கள் அறையில் டீ. எல்லோரும் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவாருங்கள் என்று தாளாளர் அம்மா மைக்கில் சொல்லியிருந்தார். அந்த எல்லோரில் ஆயாம்மா உண்டா என்று நான் கேட்டேன்.

"எல்லாரும்னா நானும்தான?" என்றாள். "சாப்ட்டு பாத்தா என் கை தெரியும். தெரிஞ்சா சமையக்கட்டுல வுடுவாங்க."

கையைப் பார்த்தா ஆளை எடுக்கிறார்கள்? இதை நான் வாயால் சொல்லவில்லை. அத்தான் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், பண்டிகைக்குத்தான் வருவார். வீட்டில் அக்காவும் எட்டாவது படிக்கும் அவள் மகளும்தான். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே சண்டை முட்டையில் ஆரம்பித்தது. மாவுக்கு ஒரு முட்டை வேண்டும், மேல்பூச்சுக்கு வெள்ளைக்கரு வேண்டும். அதைப் போட்டால்தான் பூச்சு ஓடு மாதிரி காய்ந்து நிற்கும். அக்கா முட்டையே கூடாது என்றாள். கணக்கு டீச்சர் தொண்டூர்ப் பக்கம் நயினார் வீட்டுப் பெண். நயினார் என்றால் எங்கள் பக்கத்துச் சமணர்கள். அவர்கள் முட்டை தொடமாட்டார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடவும் மாட்டார்கள்.

"ஒரு ஆளுக்காக எல்லாத்துலயும் முட்டைய எடுக்கணுமா? அதுக்கு மட்டும் தனியா போடலாம்" என்றேன்.

"ரெண்டு விதமா வெச்சா எது எதுன்னு கேப்பாங்க. கேக்க ஆரம்பிச்சா ஒதுக்க ஆரம்பிப்பாங்க. ஒரே விதமா செய்."

முட்டை இல்லாத மாவு உருட்டும்போதே விரிசல் விடும். கொஞ்சம் பால் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்துச் சமாளித்தேன். உருட்டக் கட்டை இல்லை, கண்ணாடி பாட்டில்தான். அச்சுக்கு எண்ணெய் டின்னை வெட்டி வளைத்தேன். நட்சத்திரம் ஒழுங்காக வந்தது. மணியும் பரவாயில்லை. மரத்துக்கு வளைத்த தகரம் தலைப்பக்கம் தட்டையாகிவிட்டது.

"மாமா, இது இன்னா மரமா? நம்ம செஞ்சிக் கோட்டை இருக்கற ராஜகிரி மலை மாதிரி இருக்குது" என்றாள் மகள்.

"மேல அந்தக் கோட்டையையும் வரைஞ்சிடு, சரியாயிடும்" என்றேன்.

"கிறிஸ்மஸ் தாத்தா இன்னும் ஏறிக்கினே இருக்காரு, வந்து சேரல" என்றாள். அக்கா சிரித்துச் சிரித்து மாவைக் கீழே போட்டாள். அந்த நாளில் சிரித்தது அது ஒன்றுதான் நினைவில் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் விறகு அடுப்பு. அலுமினியக் குண்டானில் மணல் கொட்டிச் சூடேற்றி, உள்ளே வளையம் வைத்து, தட்டை இறக்கி மூடி, மூடிமேல் கல் வைத்தோம். மழையில் நனைந்த விறகு புகைந்தது. முதல் தட்டு அடியில் கருகி மேலே வெளுத்து வந்தது. கருகியதை மகள் சுரண்டித் தின்றாள். அடுத்த தட்டுக்கு மூடிமேல் தணல் அள்ளி வைத்தேன். ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, நடுவில் வெள்ளையாக, ஊட்டியில் வந்ததைப் போலவே வந்தது. அக்கா ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தாள். தின்னவில்லை. "எண்ணிக்கை கொறையும்" என்று திரும்ப வைத்துவிட்டாள்.

மேல்பூச்சுக்குச் சர்க்கரையை மிக்சியில் அரைத்து, மெல்லிய சேலைத் துணியில் சலித்தோம். சிவப்புக்குப் பீட்ரூட் சாறு போடலாம் என்றாள் மகள். "அந்த டீச்சர் வூட்ல மண்ணுக்குள்ள வெளையறத சாப்ட மாட்டாங்க" என்றாள் அக்கா. இந்த விவரமெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளியில் யார் எதைத் தின்கிறார்கள், எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பது எச்சில் தட்டு எடுப்பவளுக்குத் தெரியாமல் இருக்குமா? செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிந்தோம். நல்ல சிவப்பு வந்தது. பால் கவரின் மூலையில் ஊசி அளவு வெட்டி, அதில் சர்க்கரைக் குழம்பை அடைத்து மகள் கையில் கொடுத்தேன். நட்சத்திரத்துக்கு வெள்ளை ஓரம், நடுவே சிவப்புப் புள்ளி. மணிக்குச் சிவப்பு ரிப்பன். அவள் கை ஆடவே இல்லை. ஊட்டியில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள்.

வெள்ளைக்கரு இல்லாத பூச்சு மழை ஈரத்தில் காயவில்லை. விரல் பட்டால் ஒட்டியது. ஃபேன் போட்டோம், கரண்ட் போனது. கடைசியில் தணலை வாரிவிட்டு, சூடு மிச்சமிருந்த மணல்மேல் தட்டுகளை வைத்து, மூடியைப் பாதி திறந்து காயவைத்தோம். மூன்று பேரும் நாள் முழுக்கப் புகையில் நின்றோம்.

விழாவன்றும் தூவானம் நிற்கவில்லை. பிஸ்கட்டை எவர்சில்வர் தூக்கில் போட்டால் ஒன்றோடொன்று உரசிப் பூச்சு உதிரும். தட்டில் எடுத்துப்போனால் நனையும். அப்போதுதான் அலமாரி மேலிருந்த டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. விரித்து மடித்து, வாழையிலையை வாட்டிப் போட்டு வரிசையாக அடுக்கினாள் அக்கா. நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் ஒன்றுமில்லை. என் மனதிலும் இல்லை. பக்கத்து வீட்டு மொபெட்டை வாங்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி நானே கொண்டுபோய் ஆசிரியர்கள் அறை மேஜைமேல் வைத்தேன். அறையில் அப்போது யாரும் இல்லை. பிறகு வராந்தாவில் ஒதுங்கி நின்றேன்.

மதியத்துக்குப் பிறகு விழா முடிந்து எல்லோரும் வந்தார்கள். அக்கா வெளியே குழாயடியில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் சுண்டல், கேசரி, பஜ்ஜி எல்லாம் இருந்தன. தாளாளர் அம்மா நேராக டப்பாவுக்குப் போனார்.

"அட, பாண்டிச்சேரி கடையா! யாரு வாங்கியாந்தது?"

ஒவ்வொருவரும் வேறு யாரோ வாங்கிவந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். டப்பாவைத் திறந்ததும் ஒரு சத்தம் எழுந்தது. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். தின்றார்கள். இன்னொன்று எடுத்தார்கள். அறிவியல் சார் ஒன்றைத் தின்றுகொண்டே இன்னொன்றைக் கைக்குட்டையில் மடித்தார், வீட்டில் குழந்தைக்காம். "வாயில வெச்சா கரையுது. அந்தக் கடைக்காரன் கைக்கு இன்னா குடுத்தாலும் தகும்" என்றார் தாளாளர் அம்மா. ஜன்னல் வழியே இதைக் கேட்டபோது எனக்கே மார்பு நிமிர்ந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்காவும் கேட்டுவிட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கடையில வாங்குனது இல்ல மேடம். நான் சுட்டது. என் தம்பி மாவு போட்டான், பூவெல்லாம் என் பொண்ணு போட்டா."

அவர்கள் கைகள் செய்ததைத்தான் நான் பார்த்தேன். வாய்க்குப் போன கை பாதியில் இறங்கியது. கடித்த மிச்சம் பேப்பர் தட்டின் ஓரத்துக்குப் போனது. அறிவியல் சார் கைக்குட்டையைப் பிரித்து, குழந்தைக்கு எடுத்ததை டப்பாவில் திரும்ப வைத்தார். ஒரு டீச்சர், "ஐயோ, முட்டை போட்டிருக்குமே, நான் மார்கழி விரதமாச்சே" என்றார். முட்டை என்ற சொல் கிடைத்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் ஆகாது, எங்க வீட்லயும் சேக்கறதில்ல. பிறந்தநாள்தோறும் முட்டை போட்ட கேக்கைத் தின்று, இதே டப்பாவைக் காலியாக்கி விட்டுப்போனவர்கள்.

கணக்கு டீச்சர் மட்டும் கையில் இருந்த பாதியைக் கீழே வைக்கவில்லை. "முட்டை போட்டீங்களாம்மா?" என்று அக்காவையே கேட்டார்.

"இல்ல டீச்சர். உங்களுக்காகத்தான் போடல. கலருக்குக்கூட செம்பருத்திதான்."

அவர் தலையாட்டினார். பாதியைத் தின்று முடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, பொழுது இன்னும் சாயவில்லை என்று பார்த்துவிட்டு இன்னொரு நட்சத்திரம் எடுத்துத் தின்றார். உண்மையில் விதி வைத்திருந்த ஒரே ஆள் கேட்டுத் தெரிந்துகொண்டு தின்றார். விதியே இல்லாதவர்களுக்கு விதி வந்துவிட்டது. அவர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. முட்டை இல்லை என்று அந்தம்மாவே சொல்லிவிட்டார்களே, பிறகென்ன என்று மற்றவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தின்றார், கை கழுவினார், போனார்.

"டப்பா எங்க எடுத்த?" என்றார் தாளாளர் அம்மா.

"இங்க மேஜைமேல இருந்ததுதான் மேடம். தொடச்சி வெச்சிருந்தேன்."

"குப்பையில போடச் சொன்னதுலயா வெச்சி எடுத்தாந்த? சுத்தம்னு ஒண்ணு இருக்குதில்லம்மா."

அதற்குமேல் என்னால் வராந்தாவில் நிற்க முடியவில்லை. உள்ளே போனேன். "அந்தக் கடையில மாவு பிசையறது யாருன்னு நெனைச்சீங்க? நான் பல ஊரு அடுப்புல நின்னவன். அங்க நிக்கிறது எல்லாம் என்ன மாதிரி ஆளுங்கதான். கண்ணாடிக்கு முன்னாடி வர்றதில்ல, அவ்ளோதான். இத்தினி வருசமா எங்க கையதான் தின்னுகினு இருக்கறீங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மேஜையைத் தட்டியதில் ஒரு டம்ளர் உருண்டது.

"நீ வெளிய போடா" என்றாள் அக்கா. அவள் குரலில் அழுகை இல்லை. உருண்ட டம்ளரை எடுத்தாள், கொட்டிய டீயைத் துடைத்தாள். அது அவள் வேலை.

டப்பாக்களை நான்தான் திரும்ப எடுத்துவந்தேன். அவள் எல்லோருடைய தட்டையும் எடுத்து, தரையைக் கூட்டி முடித்த பிறகு சாயங்காலம் வந்தாள். கிளம்பும்போது தாளாளர் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டாராம். சமையலுக்கு அவலூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வருகிறார், பேசியாயிற்று என்றாராம்.

"'நீ நல்லாத்தான் செய்ற, இல்லன்னு சொல்லல. ஆனா பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க, எனக்கு டென்ஷன்' அப்டின்னாங்க."

"யாருன்னா பேரன்ட்ஸ கேட்டாங்களா?"

"இரு, இன்னும் இருக்குது. புது வருசத்துக்கு அவங்க வூட்டுக்குச் சொந்தக்காரங்க வராங்களாம். இதே மாதிரி சுட்டு, அதே டப்பாவுல வெச்சிக் குடுக்கணுமாம். டப்பா வேற வேணும்னா அவங்களே குடுக்கறாங்களாம்."

பிஸ்கட் வேண்டும். அக்கா வேண்டாம். கடையின் பெயரை மேலே போட்டுவிட்டால் அவள் கை சுத்தமாகிவிடுகிறது. இதை அந்த அம்மா வெட்கமில்லாமல் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் பசி பார்த்தவன், அடி வாங்கியவன், பஸ் ஸ்டாண்டில் படுத்தவன். அதையெல்லாம் நடந்தது நடந்தது என்று சொல்லிவிடுவேன். இதை அப்படிச் சொல்ல வரவில்லை.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"பாக்கலாம்னு சொன்னேன்" என்றாள்.

மிச்சமிருந்த பிஸ்கட் தெருப் பிள்ளைகளுக்குப் போனது. தலை தட்டையான மரத்துக்குத்தான் அடிபிடி. அத்தான் வந்தார், கிறிஸ்துமஸ் முடிந்தது. அக்கா அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தால், "வெறகு எடுத்தாடா" என்பாள்.

புது வருடத்துக்கு முன்னால் தாளாளர் அம்மா போன் செய்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள். மகள் போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"செய்றேன் மேடம்... ஆமா, அதே மாதிரிதான்... டப்பாவுல இல்ல மேடம், என் தூக்குல வெச்சி எடுத்தாரேன். உங்க வூட்டு ஆளுங்க யாரு சுட்டதுன்னு கேட்டா, எங்க ஸ்கூல் ஆயாம்மான்னு சொல்லணும். அவ்ளோதான் மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது கேட்டது. அக்கா, "சரிங்க மேடம்" என்றாள். மகள் போனை எடுத்தாள்.

"வேணாம்னுட்டாங்க" என்றாள் அக்கா. பிறகு, "அந்த டப்பாங்கள எடுத்தாடி, வெறகு புடிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

மகள் கிழித்துக் கிழித்துப் போட்டாள். வழவழப்பான தாள் முதலில் சுருண்டது, பிறகு பற்றியது. நல்ல கெட்டி அட்டை, நின்று எரிந்தது. அதில் சுடுதண்ணீர் வைத்தோம்.

பொங்கல் முடிந்து நான் கிளம்பினேன். இப்போது வேறு ஒரு ஊரில் வேறு ஒரு அடுப்பின் முன்னால் நிற்கிறேன். அக்கா இன்னும் அதே பள்ளியில்தான், அதே துடைப்பத்தோடு. வேறு வேலை இல்லை. போனில் பேசும்போது பள்ளியைப்பற்றி நான் கேட்பதில்லை, கேட்டால் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை அவளாகச் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு முதல் பிறந்தநாள் கேக் வந்ததாம். வெட்டித் தின்றுவிட்டு டப்பாவை வழக்கம்போல மேஜைமேலேயே விட்டுப் போனார்களாம்.

"இன்னா பண்ண?" என்றேன்.

"மேஜையத் தொடச்சேன். டப்பாவத் தொடல. அது கெடக்குது" என்றாள்.